காற்றுக் குழாயின் மேல்முனை

1782 ஆகஸ்டு 29. இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையில் 100 பீரங்கிகள் கொண்ட 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பலை ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். நீர்மட்டத்துக்குக் கீழிருந்த ஒரு குழாயைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. பீரங்கிகளை நகர்த்திக் கப்பலைச் சாய்ப்பது அன்றைய வழக்கம்தான். அன்று சாய்வு மிஞ்சிப்போய் பீரங்கித் துவாரங்கள் வழியே நீர் புகுந்து கப்பல் மூழ்கியது. கடற்படைத் தளபதி கெம்பன்ஃபெல்ட் உட்பட ஏறக்குறைய 900 பேர் மாண்டனர்.

மேலிருந்து காற்றூட்டி மூழ்கும் முறை பக்குவப்பட்டதும் இதே சிதைவின்மீதுதான். சார்லஸ் டீன் 1823இல் காப்புரிமை பெற்றது, புகை சூழ்ந்த இடங்களில் நுழைவதற்கான தலைக்கவசத்துக்கு. அது பின்னர் கடலுக்கு வந்தது. ஆனால் அணிந்தவர் குனிந்தால் உள்ளே நீர் ஏறிவிடும். ஆகஸ்டஸ் சீபே கவசத்தை முழு உடையோடு இணைத்து அந்தக் குறையைப் போக்கினார். கர்னல் பாஸ்லியின் ராணுவப் பொறியாளர்கள் 1839 முதல் 1843 வரை சீபேயின் உடையையும் பயன்படுத்திச் சிதைவை அகற்றினார்கள்.

அந்தப் பணியின்போது 1842இல் ஒரு மூழ்காளரின் காற்றுக் குழாய் வெடித்தது. கவசத்திலிருந்த காற்று மேல்நோக்கிப் பாய, சுற்றியிருந்த நீரின் அழுத்தம் உடலை நெருக்கியது. முகமும் கழுத்தும் வீங்கி, இரத்தம் கசிய அவரை மேலே இழுத்தார்கள். கவசத்தில் காற்று நுழையும் இடத்திலேயே ஒருவழி வால்வு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூழ்குபணியின் வரலாற்றை ஆழத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கம். நான் அதைக் குழாயின் மேல்முனையிலிருந்து வாசிக்கிறேன். உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் பெயரைச் சொன்னால், மூழ்காளர் படிப்படியாக மேலேறுவதற்காக 1908இல் வெளியான அழுத்தக் குறைப்பு அட்டவணைகளே நினைவுக்கு வரும். ஆழத்தில் மூழ்காளர்கள் மூச்சு வாங்கிச் சோர்ந்துபோனதற்கு, கவசத்துக்குள் தேங்கிய கரியமில வாயுவே காரணம் என்று அவர் காட்டியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கைப்பம்புகள் கசிந்தன, போதிய காற்று கீழே போய்ச் சேரவில்லை. ஆழத்து அழுத்தத்தில் அளந்து நிமிடத்துக்கு 1.5 கன அடி காற்று வேண்டும் என்றார் ஹால்டேன். அப்படியானால் 10 மீட்டரில் பம்பு இருமடங்கும், 20 மீட்டரில் மும்மடங்கும் உழைக்க வேண்டும்.

மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றுவிடும் ரெகுலேட்டர் வந்தபின் இந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது. சிறு பெட்ரோல் இயந்திரம், அதனோடு ஒரு கம்ப்ரசர், நீண்ட குழாய் ஆகியவையே போதுமாயின. 'ஹூக்கா' எனப்படும் இந்த அமைப்பைக் கொண்டு, படகைக் கரையேற்றாமலே அடிப்புறத்துக் கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுக்க முடிகிறது. ஓரிரு மீட்டர் ஆழத்தில் நடக்கும் வேலை. அட்டவணைகளுக்கு இங்கே அதிக வேலையில்லை.

ஆனால் காற்று திடீரென நின்று, மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் இந்தச் சொற்ப ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். அதனால்தான் கம்ப்ரசரோடு சிறு சேமிப்புக் கலன் ஒன்றை இணைக்கிறார்கள். இயந்திரம் நின்றாலும் சில மூச்சுக்குக் காற்று மிஞ்சும். இயந்திரப் புகை வேறு வகை ஆபத்து. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. 10 மீட்டரில் அதன் பகுதி அழுத்தம் இரட்டிப்பாகும். கம்ப்ரசரின் காற்றெடுக்கும் வாயைப் புகைபோக்கிக்கு எட்டாத உயரத்தில், காற்று வீசிவரும் பக்கமாக வைப்பார்கள். நங்கூரமிட்ட படகு காற்றோடு திரும்பும். ஒற்றைக் கயிற்றில் கட்டியதும் அப்படியே. துறையில் இரு முனையும் கட்டிய படகோ திரும்பாது. காற்று திசைமாறினால் புகை நேரே அந்த வாய்க்குள் போகும். மேலே ஓர் ஆள் நிற்க வேண்டியது அதற்காகத்தான்.