அடுப்பேறிய கப்பல் மணி

ஈப்போவை அடுத்த புந்தோங் தமிழ்க்குடிகள் நிறைந்த ஊர். கச்சாங் பூத்தே வறுப்போரும் முறுக்குப் பிழிவோரும் வாழும் இவ்வூரில், மலாய் வாடிக்கையாளரோடு பேசுங்கால் மீனை ‘இக்கான்’ என்றும் கிழங்கை ‘ஊபி’ என்றும் சொல்லும் தமிழர், தம்மை அறியாமலே பசிபிக் மாகடல் தீவினரின் மொழியையும் ஒரு சிறிது பேசிவிடுகின்றனர். மலாயரின் ‘இக்கான்’ நியூசிலாந்து மாவோரியர் வாயில் ‘இக்கா’. ஐந்தைக் குறிக்கும் ‘லீமா’ சாமோவாவிலும் லீமாவே, மாவோரியில் ‘ரிமா’. ‘ஊபி’ சாமோவாவில் ‘ஊஃபி’ என வழங்கி, வள்ளிக்கிழங்கைக் குறிக்கும். கண்ணுக்கு ஈரிடத்தும் ‘மாத்தா’ என்பதே பெயர். இவை ஒருவரிடம் ஒருவர் கடன்கொண்ட சொற்கள் அல்ல; ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

அத்தாய்மொழியினர் ஏறத்தாழ 5000 ஆண்டுகட்கு முன் தைவான் தீவினின்று புறப்பட்டவர் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் முடிபு. அவர் வழியினருள் ஒரு சாரார் மேற்கே மடகாசுகர் வரை சென்றனர். கிழக்கே சென்றோர் சற்றொப்ப 2800 ஆண்டுகட்கு முன் தொங்கா, சாமோவா தீவுகளை அடைந்தனர். அங்கு நெடுங்காலம் தங்கிய பின்னர் தாகித்தி, ஹவாய், ஈசுடர் தீவு எனப் பரவி, கி. பி. 13-ஆம் நூற்றாண்டளவில் நியூசிலாந்தில் குடியேறினர். காந்த ஊசி அவரிடம் இல்லை. விண்மீனும் அலையின் போக்கும் பறவையின் வழியுமே அவர்க்குத் துணை. 1769-இல் கப்பல் தலைவர் குக், தாகித்திப் பகுதியினரான துபாயா என்பவரைத் தம்முடன் நியூசிலாந்துக்கு அழைத்துச் சென்றார். முன்பின் கண்டறியாத மாவோரியரோடு துபாயா பேசினார்; அவரும் விளங்கிக்கொண்டனர். இம்மக்களின் ஒருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவருடைய உணவும் ஒரு நெறிப்பட்டது. தென்னை, சேம்பு, வள்ளி, சீமைப்பலா ஆகியவற்றைத் தோணியில் ஏற்றிச் சென்று தீவுதோறும் நட்டனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவோரியர் ‘குமரா’ என்பர். உடனே முருகனை நினைந்து மகிழ்வார்க்கு ஒன்று சொல்லுதல் வேண்டும்: கிழங்கு தென் அமெரிக்காவினது, பெயரும் அந்நாட்டுச் சொல்லோடு உறவுடையதென்றே அறிஞர் கொள்வர்.

சமைக்கும் முறைதான் ஈண்டு உற்றுநோக்கத் தக்கது. குழி தோண்டி, விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவர். அவற்றின்மேல் கிழங்கும் மீனும் இறைச்சியும் அடுக்கி, இலையிட்டு, மண் மூடிச் சில நாழிகை விட்டுவிடுவர். சாமோவாவில் இதனை ‘உமு’ என்பர். மாவோரியர் ‘ஹாங்கி’ என்பர். விடுமுறையில் அத்தீவுகட்குச் செல்வார்க்கு இன்று விருந்தும் காட்சியுமாக அமைவது இதுவே. மண் அடுப்புப் பெருகியதற்குக் காரணம் உண்டு. இவருடைய முன்னோர் மட்பாண்டம் செய்தவர். ஆயினும் அக்கலை சற்றொப்ப 2000 ஆண்டுகட்கு முன் வழக்கற்றுப் போயிற்று. உலோகமோ ஐரோப்பியர் வருமுன் அவர் அறியாதது. ஆகலின் நீர்விட்டு அடுப்பிலேற்றும் கலம் மாவோரியர்க்கு அரும்பொருளாயிற்று.

இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்தி வியப்பளிக்காது. 1836-ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபகுதியில், வாங்கரெய் அருகே, கிறித்தவ மறைப்பணியாளரும் அச்சாளருமான வில்லியம் கொலென்சோ, மாவோரியர் ஒரு வெண்கலக் கலத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது தலைகீழாகக் கவிழ்த்த மணி. புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியிற் கிடைத்தது என்றனர். கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதனைப் பெற்றார். இன்று வெலிங்டனிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் அஃது உளது. அதன்மேல் பொறித்திருப்பன தமிழ் எழுத்துக்கள். முகையதீன் பக்சு கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள்.

இச்செய்தியைக் கொண்டு, நியூசிலாந்தை முதற்கண்டவர் தமிழரே என மேடையில் முழங்குவாரும் மாணவர்க்கு எழுதிப்போடுவாரும் உளர். மணி சொல்லுவது அதுவன்று. எழுத்தின் வடிவை நோக்கி அதற்கு 500 ஆண்டுப் பழமை கூறுவர் சிலர். பிற்பட்டது என்பர் வேறு சிலர். எம்முடிபைக் கொண்டாலும், 13-ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய மக்கட்கு அது பிந்தியதே. ஆளற்ற மரக்கலம் நீரோட்டத்தில் ஒதுங்கியிருக்கலாம். வேற்றுநாட்டார் கைமாறிச் சென்றிருக்கலாம். ஒரு மணி சென்ற இடமெல்லாம் அதை வார்த்தவர் சென்றார் என்பது, ஈப்போக் கடையிற் சீனப் பீங்கான் கண்டு கடைக்காரர் சீனம் சென்றவர் என்பதை ஒக்கும்.

கட்டுமரத்தின் கதையும் இத்தகையதே. சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளைப் பிணைத்துச் செலுத்துவது அது. வில்லியம் தாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் அச்சொல்லைக் குறித்தார். பின்னர் ஆங்கிலேயர் அப்பெயரையே, பொலினீசியர்க்குரிய இரட்டைத் தோணி வகைக்கு இட்டு வழங்கலாயினர். பெயர் நம்முடையது, தோணி அவருடையது. இரண்டையும் ஒன்றாக்கி உரிமை பாராட்டுவது முறையன்று.

அம்மணிக்கு உண்மையான வரலாறு வேண்டுவோர் வேறிடம் நோக்குதல் தகும். நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டைத் தமிழ் முசுலிம் வணிகர் துணிமூட்டைகளோடு கடாரத்துக்கும் பேராக்குக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் வந்து, வெள்ளீயமும் யானையும் கொண்டு மீண்டனர். தம் கப்பல் மணியில் தமிழிலேயே பெயர் பொறித்தோர் இத்தகையோரே. பாடநூலில் அவர்க்குக் கிடைக்கும் இடம் ஓரிரு வரியே. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. அவ்வீயம் பேராக்கினதோ என எண்ண இவ்வூரார்க்கு ஆவல் எழுதல் இயல்பு. சான்று கிடைக்குந்துணையும் அவ்வாவலையும் அடக்கிவைத்தலே நன்று.