போர்நிறுத்தத்திற்குப் பின்னும் நீடித்த வாய்ப்பூட்டு: 1962 நெருக்கடிநிலையும் கோலார் தங்கவயலும்

சீனாவுடனான போர் 1962 அக்டோபர் 20இல் தொடங்கி நவம்பர் 21இல் ஓய்ந்தது. அதற்காக அக்டோபர் 26இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலையோ 1968 ஜனவரிவரை நீங்கவில்லை. அக்காலத்தின் கருத்துரிமை இழப்பை விசாரணையின்றிச் சிறைப்பட்ட கம்யூனிஸ்டுகளையும் நீதிமன்ற வழக்குகளையும் கொண்டே அளந்துவருகிறோம். அந்த அளவுகோல் போதாது. மேடையும் பத்திரிகையும் இல்லாதவர்களுக்கு வேலைநிறுத்தமே பேச்சு. அந்தப் பேச்சு எப்படி அடங்கியது என்பதை மைசூர் மாநிலத்தின் கோலார் தங்கவயலில் நின்று பார்க்க வேண்டும்.

வடஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்களே அங்குச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். குடியிருந்த லைன் வீடு, மருத்துவமனை, நடந்த சாலை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்க்க அவர்களிடம் இருந்த ஒரே மொழி, வேலைக்குப் போகாமலிருப்பது. 1957இல் கம்யூனிஸ்டான எம்.சி. நரசிம்மனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இதே மக்கள்தான்.

1962 நவம்பர் 3 அன்று இரண்டு செயல்கள் நடந்தன. இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் கைதானவர்கள் சில அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்வதைக் குடியரசுத் தலைவரின் ஆணை தடுத்தது. உற்பத்தி தடைப்படாது என்று முதலாளிகள் அமைப்புகளும் மத்தியத் தொழிற்சங்க அமைப்புகளும் டெல்லியில் தொழில் அமைதித் தீர்மானம் நிறைவேற்றின. முதலாவதைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. வேலைநிறுத்தத்தை விலக்கித் தொழிலாளியின் வாயை அடைத்தது இரண்டாவது. தங்கவயலில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் பாறை வெடிப்பும் நுரையீரலை அரிக்கும் தூசியும் எப்படி இருந்தன என்பது உள்ளே இறங்கியவருக்கே தெரியும். அவருடைய முறையீட்டை அடக்குவது உயிர்காக்கும் செய்தியை அடக்குவதாகும். எல்லையில் நிற்கும் படைவீரருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

போர் ஓய்ந்த பத்தாம் நாள், டிசம்பர் 1இல், அதற்குள் கம்பெனியிடமிருந்து மைசூர் அரசின் வசமாகியிருந்த சுரங்கங்கள் மத்திய நிதியமைச்சகத்தின் கைக்கு மாறின. நிர்வாகத்தைக் குறைகூறினால் நெருக்கடிகால அதிகாரம் படைத்த அரசையே குறைகூறியதாகும் நிலை வந்தது. 1963 ஜனவரியில் அதே பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தங்கக் கட்டுப்பாடும் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடுத்தது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. போருக்கென்று பெற்ற அதிகாரம் பட்டறைவரை நீண்டதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நாடு ஆபத்தில் இருக்கையில் கருத்து வேற்றுமை காத்திருக்கலாகாதா என்பார்கள். படை நகர்வுகளை மறைப்பது நியாயம்தான். தனிநாடு கேட்ட தி.மு.க.வே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட காலம் அது. ஆனால் பாகிஸ்தானுடன் போர் மூண்டிருந்த 1965 செப்டம்பர் 7 அன்றே, அந்தப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறைவைக்கப்பட்டிருந்த சோஷலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியாவை உச்சநீதிமன்றம் விடுவித்தது. சட்டம் ஒழுங்குக் குலைவு என்பதெல்லாம் பொது ஒழுங்குக்கு ஆபத்தாகிவிடாது என்றது அத்தீர்ப்பு. நாடு அதனால் தோற்றுவிடவில்லை. எதிர்த்து வழக்காட லோகியாவுக்கு அவரைச் சிறைவைத்த ஓர் ஆணை இருந்தது. சுரங்கத் தொழிலாளியைக் கட்டியதோ, அவர் பெயரால் பிறர் டெல்லியில் செய்த தீர்மானம். அதை எந்த நீதிமன்றத்திலும் அவர் எதிர்த்திருக்க முடியாது.