பள்ளியிற் பெறும் கல்லூரி மதிப்பலகு: அமெரிக்க வரலாறும் தமிழின் நிலையும்

கற்ற பொருள் ஒன்றேயாயினும், கற்ற இடத்தால் அதன் பெயரும் பெறுமானமும் வேறுபடுதல் கல்வியுலகில் அரிதன்று. தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பள்ளியிறுதிக்குப் பின்னர்க் கல்லூரியில் ஈராண்டு பயிலப்பெற்ற இண்டர்மீடியட் வகுப்பு, 1950களில் ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கிற்று. 1978-இல் மேனிலைக் கல்வி தோன்றியபொழுது அப்படிநிலை பள்ளியைச் சார்ந்ததாயிற்று. ஆகவே, பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள எல்லை இயற்கையாய் அமைந்ததன்று. காலந்தோறும் வகுக்கப்படுவதே என்பது தெளிவு.

அங்ஙனமாயின், பள்ளியிற் பயிலும் மாணவன் ஒருவன் கல்லூரித் தரத்தை அங்கேயே எய்திவிட்டால், அதனைக் கல்லூரி ஏற்குமா? ஏற்பின், எதனை நம்பி ஏற்கும்? இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடு கடந்த எழுபது ஆண்டுகளாகப் பலவகை விடைகளைக் கண்டு வந்துள்ளது. அங்குக் 'கிரெடிட்' என வழங்குவதனை ஈண்டு 'மதிப்பலகு' எனக் குறிப்போம். அதனைப் பள்ளியிலேயே ஈட்டும் முறை வளர்ந்த வரலாற்றையும், அவ்வரலாறு தமிழுக்கு உணர்த்துவதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவை பிறந்த வகை

1905-இல் ஆண்ட்ரூ கார்னீகி என்னும் செல்வர், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென ஒரு கோடி டாலர் வழங்கினார். ஓய்வூதியம் வழங்கவேண்டின், கல்லூரி என்பது யாது என வரையறுத்தல் வேண்டும். அதன்பொருட்டு 1906-இல் அவ்வறநிலையம் ஓர் அளவையைக் கொண்டது. ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணிநேரம் பள்ளியிற் பயில்வது ஓர் அலகு. அத்தகைய 14 அலகுகளையேனும் முடித்தாரையே சேர்த்துக்கொள்வது கல்லூரி. கல்லூரிகளும் தம் பாடங்களை வாரத்துக்கு இத்தனை மணி என்னும் கணக்கால் அளக்கலாயின.

முதுமைக்கால உதவிக்கெனப் பிறந்த அளவை, இங்ஙனம் இளையோர் கல்வியின் அளவையாக நிலைத்தது. அதனால் விளைந்த குறை ஒன்றுண்டு. அவ்வளவை அளந்தது அறிவை அன்று. அமர்ந்திருந்த நேரத்தையே ஆகும். விரைந்து கற்றானும் மெல்லக் கற்றானும் ஒரே காலம் அமர்ந்தாலன்றி ஒரே மதிப்பைப் பெறார். பிற்காலத்து முயற்சிகள் யாவும் இக்குறையினின்று எழுந்தனவே என்னலாம்.

2. தேர்வு வழி

கொரியப் போர்க் காலமாகிய 1951-இல், போர்டு அறநிலையம் நிறுவிய கல்வி முன்னேற்ற நிதியம் ஒரு சோதனையைத் தொடங்கிற்று. பள்ளிப் படிப்பை முற்றும் முடியாத இளைஞர் சிலரைச் சிகாகோ, கொலம்பியா, யேல், விஸ்கான்சின் முதலிய பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையுடன் சேர்த்துக்கொண்டன. இது மாணவனைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லும் வழி. கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வழியும் அக்காலத்திலேயே எண்ணப்பட்டது.

ஆண்டோவர், எக்சீட்டர், லாரன்சுவில் என்னும் மூன்று பள்ளிகளின் ஆசிரியர்களும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் கூடி ஆராய்ந்து, 1952-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பள்ளியின் இறுதியாண்டுகளிற் கற்றதனையே கல்லூரியின் முதலாண்டுகளில் மாணவர் மீளக் கற்று ஊக்கம் இழக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. அக்காலத்தில் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் கீத் சால்மர்சு முன்னின்று நடத்திய மற்றொரு முயற்சியில், பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து முதலாண்டுப் பாடங்களின் தரத்தை வரையறுத்தன. அத்தரத்திற்கேற்பப் பள்ளிகள் கற்பிக்க, 1954-இல் முன்னோட்டத் தேர்வுகள் நடைபெற்றன.

1955-இல் இம்முயற்சியைக் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு ஏற்று, 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' எனப் பெயரிட்டு நடத்தலாயிற்று. 1956-ஆம் ஆண்டுத் தேர்வை எழுதியோர் 104 பள்ளிகளைச் சார்ந்த 1,229 மாணவரே. விடைகள் 5 முதல் 1 வரை தரப்படுத்தப்படும். பள்ளியாசிரியரும் கல்லூரியாசிரியரும் ஒருங்கிருந்து விடைத்தாள்களைத் திருத்துவது இதன் சிறப்பாகும். எத்தரத்திற்கு எத்துணை மதிப்பலகு என்பதனை மட்டும் அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யும்.

3. ஆசிரியர் வழி

தேர்வு வழி உருப்பெற்ற அதே 1955-ஆம் ஆண்டில், கனெக்டிகட் பல்கலைக்கழகம் வேறொரு வழியைத் திறந்தது. பள்ளியாசிரியரின் தகுதியைப் பல்கலைக்கழகம் ஆய்ந்து ஏற்கும். அவர் பல்கலைக்கழகப் பாடத்தையே பள்ளியிற் கற்பிப்பார். மாணவர் பல்கலைக்கழக மதிப்பலகையே நேரே பெறுவர். 1959-இல் செயிண்ட் லூயி பல்கலைக்கழகமும், 1970களில் சிரக்யூசு பல்கலைக்கழகமும் இவ்வகைத் திட்டங்களைத் தொடங்கின. ஒருநாள் எழுதும் தேர்வை நம்பாது, ஓராண்டு முழுதும் கற்பிக்கும் ஆசிரியரை நம்புவது இவ்வழி.

முதலில் இவை யாவும் நன்கு கற்கும் மாணவர்க்கென அமைந்தவை. 1974-இல் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரியில் தொடங்கிய 'மிடில் காலேஜ்' உயர்நிலைப்பள்ளி இந்நோக்கத்தை மாற்றியது. படிப்பை இடையில் நிறுத்திவிடக்கூடியவர் என அஞ்சப்பட்ட மாணவரையே கல்லூரி வளாகத்தில் அமர்த்திக் கற்பித்தது அப்பள்ளி. கல்லூரி தமக்கும் உரியதே என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1985-இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, உயர்பள்ளி மாணவர் மாநிலச் செலவிலேயே கல்லூரியிற் பயில வழிவகுத்தது. விரைவுக்கென எழுந்த முறை, வாய்ப்புக்கென விரிந்த வரலாறு இது.

4. நம்பிக்கையின் சிக்கல்

இவ்விரு வழிகளுக்கும் அடிப்படை நம்பிக்கையே. அது குலைந்த இடங்களையும் காணல் வேண்டும். 1982-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளியில், ஹைமே எஸ்கலாந்தே என்னும் ஆசிரியரிடம் நுண்கணிதம் பயின்ற 18 மாணவர் அத்தேர்வில் வெற்றி பெற்றனர். அவருள் 14 பேரின் விடைகளைத் தேர்வு நிறுவனம் ஐயுற்றது. பன்னிருவர் மீண்டும் எழுதித் தம் தகுதியை நிலைநாட்டினர். எளிய குடும்பங்களைச் சார்ந்த மாணவர் பயிலும் பள்ளி அது. விடைத்தாள்களின் ஒப்புமையே ஐயத்திற்குக் காரணம் என்றது நிறுவனம். பள்ளியையும் இனத்தையும் நோக்கியே ஐயம் எழுந்தது என்றனர் பலர். அறிவை மட்டும் நோக்கவேண்டிய தேர்விலும், கற்ற இடத்தைப் பற்றிய முன்னெண்ணம் புகுதல் கூடும் என்னும் அச்சம் அந்நிகழ்ச்சியால் வெளிப்பட்டது.

கல்லூரிகளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 5 என்னும் முதல் தரத்தை மட்டுமே மதிப்பலகுக்கு ஏற்பதாக ஹார்வர்டு 2002-இல் அறிவித்தது. இனி அத்தேர்வுகளுக்கு மதிப்பலகு வழங்குவதில்லை என டார்ட்மத் கல்லூரி 2013-இல் அறிவித்தது. மதிப்பலகு தேர்வால் மட்டும் வருவதன்று. ஏற்கும் கல்லூரியின் இசைவாலேயே வருவது என்பதனை இவை காட்டும்.

5. மொழிகளும் தமிழும்

இனி, மொழிப் பாடங்களின் நிலையை நோக்குவோம். இத்தாலிய மொழித் தேர்வு 2006-இல் முதன்முறை நடைபெற்றது. எழுதுவோர் தொகை குறைவாயிருந்தமையாலும், நிதி போதாமையாலும் 2009-ஆம் ஆண்டுத் தேர்வுக்குப் பின் நிறுத்தப்பட்டது. இத்தாலிய அமெரிக்கரும் இத்தாலிய அரசும் பொருளுதவி செய்ய முன்வந்தமையால், 2012-இல் மீண்டும் நடைபெற்றது. சீனம், சப்பானியம் ஆகியவற்றிற்கு 2007 முதல் இத்தேர்வு உண்டு. தமிழுக்கு இல்லை.

எனினும் மற்றொரு வாயில் திறந்துள்ளது. ஆங்கிலத்தோடு வேறொரு மொழியிலும் திறம் பெற்ற பள்ளி மாணவர்க்கு 'இருமொழி முத்திரை' வழங்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2011-இல் இயற்றிற்று. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இல்லினாய் மாநிலம் இயற்றிய சட்டம் ஒருபடி மேற்சென்று, அம்முத்திரையைப் பாட மதிப்பலகாக மாற்றும் நெறிகளை அம்மாநில அரசுக் கல்லூரிகள் வகுத்தல் வேண்டும் என்றது. தமிழ்த் திறனை அளக்கும் தேர்வுகளும் இம்முத்திரைக்குப் பயன்படுகின்றன. ஆகவே, பெற்றோர் கூடி வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளியிற் கற்ற தமிழ், கல்லூரிக் கணக்கில் ஏறுதல் கூடும்.

ஈண்டு இரண்டு தடைகள் எழுகின்றன. ஒன்று, தமிழ்ப் பாடமே இல்லாத கல்லூரி, அம்மாணவனின் தமிழை எப்பாடத்தோடு ஒப்பிட்டு மதிப்பலகு வழங்கும்? மற்றொன்று, எத்தமிழை அளப்பது? பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் பெரிதும் வேறுபடும் மொழி தமிழ். வீட்டில் தடையின்றிப் பேசும் பிள்ளை செய்தித்தாளைப் படிக்க இயலாது தயங்குதல் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை பாட்டியோடு உரையாட அறியாதிருத்தலும் உண்டு. இவ்விருவருள் கல்லூரி முதலாண்டுத் தரம் எய்தியவர் யாவர்? இலக்கணம் எவ்வளவு, இலக்கியம் எவ்வளவு, உரையாடல் எவ்வளவு என வரையறுத்தாலன்றி விடை கூறல் அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவது ஒன்று. பள்ளியில் மதிப்பலகு பெறும் முறை, அறிவு எங்குப் பெறப்பட்டாலும் அறிவே என்னும் கொள்கையால் எழுந்தது. அக்கொள்கை நடைமுறைக்கு வந்ததோ, கல்லூரி ஆசிரியரும் பள்ளியாசிரியரும் கூடியமர்ந்து, முதலாண்டுத் தரம் இதுவென எழுத்தில் வரையறுத்த பின்னரே. 1950களில் அவர் செய்த அப்பணியே பின்வந்த தேர்வுக்கும் சட்டத்திற்கும் அடித்தளமாயிற்று.

தமிழுக்கு அப்பணியைச் செய்ய உரியோர் தமிழ்த்துறையினரே. இரு வழக்குகளையும் தழுவி, படிநிலைகளை வகுத்து, அயல்நாட்டுக் கல்லூரியும் ஐயமின்றி ஏற்கத்தக்க தர வரையறை ஒன்றை நாம் ஆக்கித் தருதல் வேண்டும். இன்றேல், அயல் மண்ணில் வார விடுமுறையை விட்டுக்கொடுத்துத் தமிழ் கற்கும் பிள்ளையின் உழைப்பு, வீட்டுக்குள் வழங்கும் பேச்சாக மட்டுமே எண்ணப்படும்; கல்வியென ஏட்டில் ஏறாது.