ஊட்டத்தூர் இடுக்குவழியும் திருச்சிப் பெருவழியும்

கைபரைப் போலவோ காரகோரத்தைப் போலவோ வான்முட்டும் கணவாய்களினூடே ஏறிச் செல்லும் ராஜபாட்டை எதுவும் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு வாய்க்கவில்லை. ஆயினும், வடக்கே வெள்ளாற்றுப் பிரதேசத்தையும் தெற்கே காவிரிச் சமவெளியையும் இணைத்து, மேற்கே பச்சைமலையைத் துணையாகக் கொண்டு செல்லும் சென்னை–திருச்சிப் பெருவழியில், ஊட்டத்தூரையொட்டிய குன்றுகளுக்கு நடுவே அமைந்த இடுக்குவழி, பதினெட்டாம் நூற்றாண்டுச் சைன்யங்களுக்கு ஒரு மலைக்கணவாய்க்குரிய முக்கியத்துவம் உடையதாகவே விளங்கிற்று. ஆங்கிலச் சரித்திராசிரியர் ராபர்ட் ஓர்ம் கர்நாடக யுத்தங்களைப் பற்றிய தம் நூலில் இவ்விடுக்கைத் தனியே எடுத்துக் கூறுகிறார்.

இவ்வழியின் வடபுறக் காவல் ரஞ்சன்குடிக் கோட்டை. ஆழ்ந்த அகழியும், அரைவட்டக் கொத்தளங்களும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிலைகளில் உயர்ந்த மதில்களும் உடைய இக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவோர்க்கு, பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர்கள் இந்தக் கற்குன்றைத் தேர்ந்த காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. சாலையில் வருவோரும் போவோரும் அங்கிருந்து கண்பார்வைக்குத் தப்ப இயலாது.

1751ஆம் ஆண்டு ஜூலையில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபோடு போட்டியிட்ட முகமது அலியின் பொருட்டு வந்த ஆங்கிலப் படை, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த பெரும்படையை இவ்வழியிலுள்ள வாலிகண்டபுரத்தில் எதிர்த்து, நிலைகுலைந்து, ஊட்டத்தூர் இடுக்கின் வழியே திருச்சிக்குப் பின்வாங்கியது. மறு ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று. ஸ்ரீரங்கத்தில் சிக்குண்ட பிரெஞ்சுத் தளபதி ழாக் லாவின் படைக்கு உதவி கொண்டுவந்த மற்றொரு பிரெஞ்சுத் தளபதி தொத்தேய், ஊட்டத்தூரைத் தாண்ட மாட்டாமல் ஆங்கிலத் தளபதி டால்ட்டனால் தடுக்கப்பட்டு, வாலிகண்டபுரத்துக்குத் திரும்பி, அங்கே கிளைவிடம் 1752 ஜூனில் சரணடைந்தார். அதையடுத்துச் சில தினங்களிலேயே ஸ்ரீரங்கத்தில் லாவும் சரணடைய, சந்தா சாகிபும் கொல்லப்பட்டார். ஆர்க்காட்டு முற்றுகையைப் பெரிதும் வியந்து பேசும் நம் பாடநூல்கள், கர்நாடகத்தின் தலைவிதியை முடிவு செய்த இந்தச் சாலையை மறந்துவிடுவது நியாயமன்று என்பதே என் துணிபு.

இந்த நிலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பழைய கடினப்பாறையும் கிரெட்டேசிய காலத்துக் கடற்படிவுகளும் சந்திக்கும் விளிம்பு இது. அப்படிவுகளில் ஒரு தொகுதிக்கு ஊட்டத்தூரின் பெயரையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவியலார் சூட்டினர். அதே கடலின் சுண்ணாம்புக்கல்தான் பிற்காலத்தில் அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கியது.

1920களின் பிற்பகுதியில் விழுப்புரம்–திருச்சி குறுக்குப்பாதை அமைந்தபோது, ரயில் விருத்தாசலம், அரியலூர், லால்குடி என்று கிழக்கே சென்றுவிட்டது. சாலையோ பெரம்பலூரை விட்டு விலகவில்லை. இப்பிரிவினால் அரியலூர் ரயிலையும், பெரம்பலூர் சாலையையும் நம்பி வளர்ந்தன. 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக நெடுங்காலம் வழங்கிய அச்சாலையின் இப்பகுதிக்கு இன்று எண் 38. நான்குவழியாக அதை அகலப்படுத்தியபோது, உளுந்தூர்ப்பேட்டை முதல் பாடாலூர் வரை ஒன்றும், பாடாலூர் முதல் திருச்சி வரை மற்றொன்றுமாக வேலையைப் பிரித்தனர். அந்தப் பாடாலூர், பழைய இடுக்குவழியின் ஊட்டத்தூருக்கு மிக அண்மையிலுள்ள ஊர். பெரம்பலூர் நகரத்துக்கோ இன்றளவும் ரயில் நிலையம் இல்லை.