மொட்டை மாடியில் மர டெக்... புதுச்சேரி வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எந்த ஸ்டெயின் செட் ஆகும்?

கஃபே மாடியிலோ ஹோம்ஸ்டே பால்கனியிலோ மரப்பலகை பதித்த தளத்தைப் பார்த்ததும், 'நம்ம மொட்டை மாடியிலும் இப்படி ஒண்ணு போட்டா என்ன?'னு தோணுதா? தாராளமா போடலாம். ஆனா, பலகை வாங்கும்போது காட்டுற அக்கறையில பாதியைக்கூட அதுமேல பூசுற ஸ்டெயினுக்கு நாம காட்டுறதில்லை. ஷேட் கார்டுல அழகா இருக்கிற நிறத்தைக் காட்டி, 'இதைப் பூசிடுங்க'னு சொல்லிடுறோம். தப்பான பூச்சு ஒரே மழைக்காலத்துல உரிஞ்சு வந்துடும். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசுறதுக்கு ஆகுற கூலி, முதல்ல ஆன செலவைத் தாண்டிடும்.

அதனால நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பார்க்க வேண்டியது வெயிலையும் தண்ணியையும்தான்.

மரத்துக்கு என்ன ஆகுது?

வெயிலின் புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிடிச்சு வெச்சிருக்கிற லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும். அந்த இழைகளை மழை கழுவிக்கிட்டுப் போகும். தேக்கா இருந்தாலும் சாம்பல் நிறமா மாறுறது இதனாலதான். புதுச்சேரியில் வருஷத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள்ள கொட்டிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். இதோட கடல்காற்றின் உப்பும் சேரும். உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

தாத்தா வீட்டுத் தூண் கணக்கு இங்கே செல்லாது

'எங்க பழைய வீட்டுத் தூணுக்கு எண்ணெய் மட்டும்தான் தடவுவாங்க, இன்னும் கல்லு மாதிரி நிக்குது'னு பெரியவங்க சொல்வாங்க. உண்மைதான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற தெருக்களில் அந்தத் தூண்களை இன்னிக்கும் பார்க்கலாம். இந்த வீதியின் புனரமைப்புக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைச்சது. ஆனா, அந்தத் தூண்களுக்கு மேல ஓட்டுக்கூரை இறங்கி நிக்குது. வெயிலும் மழையும் நேரா படாது.

பிரெஞ்சுப் பகுதியின் ஜன்னல் கதவுகள் பெயின்ட்டிலேயே தாக்குப்பிடிக்குதே? அவை நேரா நிக்கிறதால தண்ணி வழிஞ்சு ஓடிடும். டெக் அப்படியில்லை. படுத்துக் கிடக்கிற பரப்பு. தண்ணி தேங்கும், நாம மிதிப்போம், நாற்காலியை இழுப்போம். அதனால தூணுக்கும் ஜன்னலுக்கும் ஒத்துவந்தது தரைக்கு ஒத்துவராது.

எதை வாங்கலாம்?

வார்னிஷ், பி.யூ. கோட்டிங்: மரத்தின் மேல படலமா உட்காரும். பளபளப்பு அள்ளும். ஆனா, எங்கயாவது ஒரு கீறல் விழுந்தா தண்ணி அடியில போய், வெயில் பட்டதும் தோல் மாதிரி உரியும். திறந்தவெளித் தரைக்கு வேண்டாம்.

நிறமில்லாத எண்ணெய்: தண்ணியை ஓரளவு தடுக்கும். நிறமி இல்லாததால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திறன் குறைவு. சில மாசத்துல நரைக்க ஆரம்பிக்கும். சாதா ஆளிவிதை எண்ணெயை மட்டும் தடவினா, நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சையும் பிடிக்கும்.

அரை ஒளிபுகும் ஸ்டெயின்: மரத்துக்குள்ள ஊறும், இதிலுள்ள நிறமி வெயிலைத் தாங்கும், மரத்தின் ரேகையும் தெரியும். உரியாது, மெதுவா வெளுக்கும். வெளுத்ததும் கழுவிட்டு மேலேயே இன்னொரு கோட் கொடுக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி. டப்பாவில் 'வெளிப்புறத் தரைக்கு' என்றும், பூஞ்சைத் தடுப்பு, புற ஊதாத் தடுப்பு உண்டு என்றும் போட்டிருக்கான்னு பாருங்க.

முழு நிற ஸ்டெயின்: பெயின்ட் மாதிரி ரேகையை மறைச்சிடும். நல்ல பாதுகாப்பு உண்டு. ஆனா நடமாடும் இடத்தில் உரியலாம். பழைய, திட்டுத்திட்டான பலகைக்கு மட்டும் யோசிக்கலாம்.

நிறத்தில் ஒரு விஷயம்: அடர் நிறம் வெயிலில் கொதிக்கும், வெறுங்காலை வைக்க முடியாது. தேன் நிறம், இளம் பழுப்பு போதும்.

மீனவர்கள் மரப்படகுக்குப் பூசுற முந்திரி ஓட்டு எண்ணெயைச் சிலர் சிபாரிசு பண்ணுவாங்க. கரையானுக்கு நல்லதுதான். ஆனா தோலில் பட்டால் புண்ணாக்கும், கருப்பாகவும் இருக்கும். உட்கார்ந்து பேசுற இடத்துக்கு வேண்டாம். உங்க பலகை டபிள்யூ.பி.சி. என்றால் ஸ்டெயினே வாங்காதீங்க. பிளாஸ்டிக் கலந்த பலகை அதை உறிஞ்சாது.

பூசுறதுக்கு முன்னாடி...

பொங்கல் முடிஞ்சு மார்ச் வரைக்கும் நல்ல நேரம். மரம் நல்லா காய்ஞ்சிருக்கணும். பலகையில் சில சொட்டுத் தண்ணி விடுங்க. சில நிமிஷத்தில் உறிஞ்சினா தயார். முத்து முத்தா நின்னா இன்னும் தயாரில்லை. பழைய பூச்சு இருந்தா உப்புத்தாளால் நீக்கணும். 60 அல்லது 80 நம்பர் போதும். ரொம்ப வழவழப்பாகத் தேய்ச்சா ஸ்டெயின் உள்ளே இறங்காது.

பூசுற நேரம் காலை, பனி காய்ஞ்ச பிறகு. உச்சி வெயிலில் பூசினா ஊறுவதற்குள் காய்ஞ்சிடும். மெல்லிசா பூசி, டப்பாவில் சொன்ன நேரத்தில் மிச்சத்தைத் துடைச்சிடுங்க. பலகையின் வெட்டு முனைகளை விட்டுடாதீங்க. தண்ணி அங்கதான் அதிகம் ஏறும். திருகாணிக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. சாதா இரும்பு, தேக்கில் கறுப்புக் கறை போடும்.

உங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையா? அடியில் மர உத்திரம் இருக்கும். டெக் போட்டு மூடினா கசிவு கண்ணுக்குத் தெரியாது. பொறியாளரிடம் பாரத்தைக் காட்டிக் கேட்டுட்டு, கழற்றிப் பார்க்கிற மாதிரிப் பலகையைப் போடுங்க.

இதை மறக்கவே மறக்காதீங்க

எண்ணெய் ஸ்டெயின் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவிச்ச துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணி நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்க.

அப்புறம் வருஷா வருஷம், மழை தொடங்குறதுக்கு முன்னாடி செப்டம்பரில் அதே சொட்டுத் தண்ணி சோதனையைப் பண்ணுங்க. இந்த முறை முத்தா நின்னா பூச்சு நல்லா இருக்கு. உறிஞ்சினா, மழைக்கு முன்னாடி ஒரு கோட் போட்டுடுங்க.