வானொலிகள் ஒலிபரப்ப மறுத்த ஐரா ஹேஸின் பாட்டு

1964 ஆகஸ்ட் 22. அமெரிக்க இசை வணிகத்தின் வார இதழான பில்போர்டில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. பணம் கட்டிப் போட்டவர் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ். உங்கள் துணிச்சல் எங்கே போயிற்று என்று வானொலி நிலைய முதலாளிகளையும் நிகழ்ச்சி நடத்துவோரையும் அதில் அவர் கேட்டிருந்தார்.

‘தி பாலட் ஆஃப் ஐரா ஹேஸ்’ என்ற அவருடைய தனிப்பாடலைப் பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்ததே காரணம். எழுதியவர் பீட்டர் லா ஃபார்ஜ்.

ஐரா ஹேஸ், அரிசோனாவின் கிலா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பிமா பழங்குடி இளைஞர். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடியை நட்ட ஆறு படைவீரர்களில் ஒருவர். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அரசு அவரை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் போர்ப் பத்திரங்கள் விற்கப் பயன்படுத்தியது. ஊர் திரும்பியவருக்குக் கிடைத்ததோ கூலி வேலைதான். குடியில் விழுந்தார், பலமுறை கைதானார். 1954 நவம்பரில் அந்தப் புகைப்படத்தை வைத்து வடித்த நினைவுச்சின்னத்தின் திறப்பு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, 1955 ஜனவரி 24 அன்று, ஊரருகே பிணமாகக் கிடந்தார். வயது 32.

இதை ஒரு குடிகாரனின் சோகக் கதையாக மட்டும் பாடியிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் பாட்டு போர்க்களத்துக்குப் போகும் முன்பே தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுகிறது. பிமாக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அவ்வழியே போன பயணிகளுக்குக் கோதுமை விற்கும் அளவுக்கு விளைவித்தார்கள். பிறகு ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிமாக்கள் பட்டினியில் வாடினார்கள். ஹேஸ் பிறந்தது அந்த வறண்ட நிலத்தில்.

தோழர்களே, இந்தப் பாட்டுக்கு அரசு தடை எதுவும் விதிக்கவில்லை. தடை இருந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம். ஒலிபரப்பாமல் விட்டால் யார்மீது வழக்குப் போடுவது? ‘எங்கள் நேயர்கள் பொழுதுபோக்கைத்தான் விரும்புகிறார்கள்’ என்ற ஒரு காரணம் போதும், ஒரு மக்களின் வரலாற்றையே காற்றில் வராமல் செய்துவிடலாம். கேஷ் இதைப் புரிந்துகொண்டார். இந்தப் பாட்டு கசப்பு மருந்துதான், ஆனால் ஹார்லெமும் பர்மிங்ஹாமும் வியட்நாமும் அப்படித்தானே என்று அந்த விளம்பரத்தில் வாதிட்டார். குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மறுப்பையும் மீறிப் பாட்டு பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 3ஆம் இடம்வரை ஏறியது. நேயர்கள் கேட்கமாட்டார்கள் என்ற வாதத்துக்கு நேயர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் கேஷை மட்டும் நாயகனாக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. பாட்டால் தண்ணீர் வரவில்லை. கிலா ஆற்று மக்கள் பல பத்தாண்டுகள் வழக்காடி, பேச்சு நடத்தி, விடாமல் நின்றார்கள். அவர்களுடைய நீர்ப் பங்கை உறுதிசெய்யும் சட்டம் 2004இல்தான் வந்தது. ஹேஸ் இறந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலையும் பதக்கமும் சீக்கிரம் கிடைத்துவிடுகின்றன. உரிமையைத்தான் போராடி வாங்க வேண்டியிருக்கிறது.