சென்னை ஆமை நடை

ஆமை நடை என்பது, பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் சென்னைக் கடற்கரையை இரவில் நடந்தே கண்காணிக்கும் தன்னார்வப் பணி. ஜனவரியில் தொடங்கும் இந்தப் பணி, முட்டைகள் பொரிந்து முடியும் கோடைக்காலம் வரை நீள்கிறது. கூடுகளைத் தேடி எடுத்து முட்டைகளைக் காவலுள்ள இடத்துக்கு மாற்றுவது இதன் ஒரு பகுதி. கரையொதுங்கிய ஆமைச் சடலங்களை அளந்து குறித்துவைப்பது இன்னொரு பகுதி. குஞ்சுகள் கடலை நோக்கி ஓடும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. சடலக் கணக்கை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. ஆனால் கடலுக்குள் நடப்பதை அந்தக் கணக்கே வெளியே கொண்டுவருகிறது.

பங்குனி ஆமை, கடலாமைகளிலேயே சிறிய இனங்களில் ஒன்று. வளர்ந்த ஆமையின் ஓடு ஏறத்தாழ இரண்டடி நீளம், எடை 35 முதல் 45 கிலோ. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் கரையேறும் இதே இனம், சோழமண்டலக் கரையில் தனித்தனியாகத்தான் வருகிறது. எந்த இரவில், எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே யாராவது நடந்தாக வேண்டும்.

இந்த நடைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970களின் முற்பகுதியில் இரவு நேரங்களில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடினார்கள். முட்டைகளை நாய்களுக்கும் விற்பனைக்கு எடுப்போருக்கும் முன்னால் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்தார்கள். பின்னர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் ஒரு பொரிப்பகம் நடத்தியது. 1980களில் வனத்துறை பொறுப்பேற்றது. வனத்துறையின் பணி நின்றபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்காலத்தில் நாடறிந்த கடலாமை ஆய்வாளரானார். மாணவர் தலைமுறைகள் மாறினாலும் வலையமைப்பின் நடை தொடர்கிறது.

தொடக்ககால நடையாளர்களில் சதீஷ் பாஸ்கரைத் தனியே சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பை விட்டுக் கடலாமைகளின் பின்னால் போனார். இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியையும் தீவுகளையும் கால்நடையாகவே ஆய்ந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற முதல் சித்திரத்தைத் தந்தவர் அவர். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிய, அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் வழியாக மனைவியைச் சென்றடைந்தது. பாஸ்கர் 2023இல் காலமானார்.

நடை நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கும். தெற்கே நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஒரு குழு நடக்கும். மெரினாப் பக்கத்து மணலை இன்னொரு குழு பார்க்கும். பருவத்தின் வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. முட்டையிட இடம் தேடும் ஆமை வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் திரும்பிவிடும். நடப்பவர்கள் முதலில் தேடுவது ஆமையை அல்ல, அதன் தடத்தை. அலை தொடும் ஈர மணலிலிருந்து மேலேறும் தடம் ஒன்று, திரும்பிப்போகும் தடம் ஒன்று. பங்குனி ஆமை துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி வைத்து நகர்வதால் இருபக்கப் பதிவுகளும் நேர்நேராக அமையாமல் முன்பின்னாக விழும்; பேராமையின் தடத்தில் அவை இணையாக இருக்கும். எந்த இனம் வந்தது என்பதை அனுபவசாலிகள் இதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

தடம் இருந்தால் கூடு இருக்கும் என்பதில்லை. ஆமை குழி தோண்டாமலே திரும்பியிருக்கலாம். முட்டையிட்டிருந்தால், குழியை மூடி உடலால் மணலை அடித்து இறுக்கி, சுற்றிலும் மணலை வாரியிறைத்து இடத்தை மறைத்திருக்கும். கலைந்த அந்தப் பரப்பில் மெல்லிய கம்பை மெதுவாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். சுற்றிலும் கெட்டியாகத் தடுக்கும் மணல், கூட்டின் கழுத்துப் பகுதியில் மட்டும் இளகி வழிவிடும். அங்கே கையால் தோண்டினால் ஒன்றரை அடி ஆழத்தில் நூறுக்கும் மேற்பட்ட வெள்ளை முட்டைகள் இருக்கும். அவற்றைச் சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் குலுக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும். நேரம் கடந்தால் கரு முட்டையோட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும்.

கூட்டை அது இருந்த இடத்திலேயே விடுவதுதான் நல்லது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சென்னையில் அதற்கு வழியில்லை. தெருநாய்கள் ஒருபுறம், மிதிக்கும் கூட்டம் மறுபுறம். எல்லாவற்றையும்விடக் கொடியது வெளிச்சம். இரவில் பொரிந்து வெளிவரும் குஞ்சு, இருப்பதில் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும் இயல்புடையது. இருண்ட கரையில் அந்தத் திசை கடல். சென்னையில் அது உயர்கம்ப விளக்கு எரியும் சாலை. பருவ காலத்தில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லித் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

பொரிப்பகத்தில் இயற்கைக் கூட்டின் ஆழத்திலும் குடுவை வடிவிலும் குழி தோண்டி, ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணும் தேதியும் இடுகிறார்கள். 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் மணலைத் துளைத்து மேலே வருகின்றன. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. சுமார் 29, 30 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகுகின்றன, கீழே போனால் ஆண் குஞ்சுகள். பொரிப்பகத்தின் இடத்தேர்வும் நிழலும் அதனால்தான் முக்கியமாகின்றன. வெளிவந்த குஞ்சுகளைத் தாமதமின்றி விட வேண்டும். அவற்றின் உடலில் மிஞ்சியிருக்கும் கருவுணவு, ஆழ்கடலை அடைவதற்கான முதல் நீச்சலுக்குத் தேவைப்படுவது. பார்வையாளர் வசதிக்காக அவற்றைத் தொட்டியில் காக்கவைப்பது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், அந்த ஆற்றலை வீணடிப்பதுதான்.

இனி சடலங்கள். இறந்த ஆமையைக் கண்டால் இடம், தேதி, ஓட்டின் நீளம், பால், அழுகிய நிலை, காயங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள். மறுநாள் வேறொருவர் அதையே திரும்ப எண்ணாதபடி ஓட்டில் அடையாளமிடுவதும் உண்டு. இந்த வேலையின் பலன் உடனே தெரிவதில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய கோஸ்ட் என்ற அமைப்பில், தன்னார்வலர்கள் தங்களுக்குரிய கடற்கரைத் துண்டை மாதந்தோறும் நடந்து இறந்த கடற்பறவைகளைப் பதிவுசெய்கிறார்கள். ஒவ்வொரு பறவையின் காலையும் அலகையும் சிறகையும் அளந்து, வண்ண நாடா கட்டுகிறார்கள். வட பசிபிக் கடல் அளவுமீறிச் சூடேறிய காலத்தில், 2015–16இல், மர் என்னும் பறவைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின. கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை சுமார் 62,000 பறவைகள் எண்ணப்பட்டன. மொத்த இழப்பு 5 லட்சம் முதல் 12 லட்சம் வரை இருக்கலாம் என 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. வழக்கமான ஆண்டில் எத்தனை பறவைகள் ஒதுங்கும் என்ற பழைய பதிவு இருந்ததால்தான், நேர்ந்தது எவ்வளவு பெரிய அழிவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

2025 ஜனவரியில் சென்னையும் அதை அடுத்த மாவட்டங்களும் இதே நிலையைக் கண்டன. ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆண்டுதோறும் சில சடலங்கள் ஒதுங்குவது வழக்கம்தான், ஆனால் இந்த எண்ணிக்கை அந்த வழக்கத்துக்குள் அடங்காது என்பதை நடையாளர்களால் உடனே சொல்ல முடிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்களும் மூச்சுத்திணறலைக் காட்டின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். இழுவை மடிக்குள் சிக்கி மேலே வர முடியாமல்போனால் மூழ்கி இறக்கிறது. முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் உண்டு. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அந்தப் பரப்பில்தான்.

கரையில் காக்கும் உழைப்பைக் கடலில் நேரும் இந்தச் சாவுகள் நேரடியாகப் பாதிக்கின்றன. குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே வளர்ந்த ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பருவமடைய அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். எனவே வலையில் இறக்கும் ஒவ்வொரு தாய் ஆமையையும் ஈடுகட்டப் பல பருவங்களின் பொரிப்பக வேலை வேண்டியிருக்கும்.

கடலுக்குள் நடப்பதைப் பார்க்கக்கூடியவர்கள் மீனவர்களே. நீலாங்கரையில் 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ பவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. கடற்பசுவைக் காப்பதிலும் மீனவர்களின் பங்கு பெரிது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாப் பகுதியில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆவுளியா என்று அழைக்கப்படும் இவ்விலங்கு எங்கே தென்பட்டது, எங்கே வலையில் அகப்பட்டது என்ற தகவல்களில் பெரும்பங்கு மீனவர்களிடமிருந்து வருகிறது. சிக்கிய ஆவுளியாவை வலையறுத்து விடுவிப்பவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. இழுவை மடியில் ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் ஆமை விலக்கிச் சாதனமும் இருக்கிறது. அதைப் பொருத்தாத காரணத்தால் 2019 முதல் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. விலக்கி பொருத்திய படகுகள் பெருகினால் கரையில் சடலங்கள் குறைகின்றனவா என்று பார்க்க, 1988 முதல் சென்னையில் நடந்து குறித்த பதிவேடுகளோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.